பன்னிரண்டு மணி வரை அண்ணன் தங்கை

பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் என் வேலை பஸ் ஓட்டுவது மட்டும்தான். கூட்டிப்போய் இறக்கிவிடுவேன். மர நிழலாகப் பார்த்து நிறுத்துவேன். கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவேன். உள்ளே போய் எதையும் பார்த்ததில்லை. செத்துப்போனவன் செருப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதற்கு டிக்கெட் கிழிக்கிறவனை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

ஷேக்கர் கிராமத்துக்குப் போன அன்றும் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். மே மாதம். நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் பனி உருகி, ஓடையெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்குகிற சமயம். எனக்கு நேர் பின்சீட்டில் லீடா உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள்.

"கோல்பி தாத்தா, மெதுவா போங்க. பள்ளத்துல விட்டீங்கன்னா என் சக்கரம் கழண்டுரும்."

"பள்ளத்தை நானா தோண்டினேன்? ரோடு போட்டவன்கிட்ட போய்ச் சொல்லு."

"பெட்டியில என்ன இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"துணி துவைக்கிற மெஷின். தண்ணியில ஓடுறது. கரண்டே வேணாம்."

கேட்கமாட்டேன் என்று சொன்னவனிடம் மலை ஏறி முடிகிற வரை சொல்லிக்கொண்டே வந்தாள். தகர டப்பாவை வெட்டிச் சக்கரம் செய்திருக்கிறாள். குழாயடியில் வைத்தால் ஜோராகச் சுற்றுகிறது. ஆனால் சக்கரத்தோடு சேர்ந்து துடுப்பும் சுற்றுகிறது. துணி அதில் சுருட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. துவைக்கிற கை சுற்றுமா? முன்னும் பின்னும் அல்லவா போகும்? சுற்றுகிறதை எப்படி முன்னும் பின்னுமாக ஆக்குவது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. வருகிற சனிக்கிழமை மாவட்டப் போட்டி. ஷேக்கர்களின் சலவைச்சாலையில் தண்ணீரால் ஓடுகிற பெரிய துவைக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறதாம்.

"அது ஓடறப்போ ஒரே ஒரு தடவை பாத்தாப் போதும் தாத்தா. எப்படி ஆட்டுதுன்னு மட்டும் பாத்துட்டா நான் செஞ்சுருவேன்."

"அது துணி துவைக்காது. ஜூஸ்தான் போடும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டெக்ஸ்டர். பஸ்ஸே சிரித்தது. அவனும் சனிக்கிழமை போட்டியில் இருக்கிறான். பேட்டரியில் ஓடுகிற சின்ன ரம்பம் செய்திருக்கிறான்.

"உன் ரம்பம் மரத்தைக் கண்டா பயந்து நின்னுடுதாமே?" என்றாள் லீடா, திரும்பிப் பார்க்காமலேயே. அதற்கும் பஸ் சிரித்தது.

ஷேக்கர்கள் யாரென்றால், எங்கள் மலையில் பெரிய பெரிய வீடுகளாகக் கட்டிக்கொண்டு ஒரு காலத்தில் கும்பலாக வாழ்ந்தவர்கள். கல்யாணம் கிடையாது, பிள்ளை கிடையாது, தனிச் சொத்து கிடையாது. ஆணெல்லாம் சகோதரன், பெண்ணெல்லாம் சகோதரி. ஜெபத்தில் உடம்பு குலுங்கக் குலுங்க ஆடுவார்கள், அதனால் வந்த பெயர் ஷேக்கர். எங்கள் பக்கத்துக் கடைசிச் சகோதரி எப்போதோ போய்ச் சேர்ந்தாள். இப்போது அந்த வீடுகளைக் கழுவித் துடைத்து வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். எல்லாம் எல்லோருக்கும் பொது என்று எவனாவது சொன்னால் நான் முதலில் என் கொட்டகைப் பூட்டைத்தான் போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் நான்.

வாசலில் சாம்பல் நிற நீள அங்கியும் வெள்ளைக் குல்லாயுமாக நின்றவளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மர்டில் சாண்ட்பார்ன். என்னோடு படித்தவள். மூன்று கல்யாணம் செய்தவள். இங்கே அவள்தான் சகோதரி.

"ஏசா கோல்பி! நீ பஸ்ஸுக்குள்ளயே செத்துட்டேன்னுல்ல நெனச்சேன்?"

"உன் மூணாவது ஆளு சௌக்கியமா?"

"இன்னைக்கு நான் கல்யாணமே ஆகாதவ. பிள்ளைங்க முன்னாடி வாயைத் தொறக்காதே."

அதற்குள் லாம்சன் டீச்சர் முகம் வெளுத்துப்போய் ஓடிவந்தார். துணைக்கு வருவதாகச் சொன்ன ஒரு பையனின் அப்பாவுக்கு டிரக் கிளம்பவில்லையாம். ஆண்பிள்ளைகள் பக்கத்துக்கு ஒரு பெரிய ஆள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

"கோல்பி சார், நீங்க வந்துருங்களேன். மத்தியானம் வரைக்கும்தான்."

"எனக்குத் தூக்கம் இருக்கு."

"தாத்தா, ப்ளீஸ்!" என்று பஸ்ஸின் எல்லா ஜன்னலிலிருந்தும் கத்தினார்கள். போகாவிட்டால் காது போய்விடும். போனேன்.

ஆட்டத்தின் விதியை மர்டில் சொன்னாள். குளத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு தடவை யந்திரத்தை ஓட்டத்தான் போதும். இன்று இரண்டு பள்ளிக்கூடங்கள் வருகின்றன. காலையில் நாங்கள், பிற்பகல் இன்னொரு ஊர்க்காரர்கள். பன்னிரண்டு மணி வரை நாங்கள் நிஜ ஷேக்கர்களாக இருக்கவேண்டும். பெண்களுக்கு இடப்பக்கக் கதவு, இடப்பக்கப் படி. ஆண்களுக்கு வலப்பக்கம். ஒருத்தர் படியில் இன்னொருத்தர் கால் வைக்கக்கூடாது. அனுமதி கொடுத்த இடத்தில் தவிர ஆணும் பெண்ணும் பேசக்கூடாது. சாப்பிடும்போது யாருமே பேசக்கூடாது. தப்பு நடந்தால் ஒரு நாற்காலியைத் தூக்கிச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவாள். மூன்று நாற்காலி மாட்டிவிட்டால் குளத்து மதகைத் திறக்கிற வாய்ப்பு எங்களுக்கு இல்லை, அடுத்த பள்ளிக்கூடத்துக்கு.

லீடா பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாற்காலி உள்ளே நுழைந்த உடனேயே போயிற்று. கால்வின் என்று ஒருவன், வழவழவென்று சறுக்குக் கட்டை மாதிரி ஒரு கைப்பிடியைக் கண்டதும் குஷியில் பெண்கள் படியில் பாதி ஏறிவிட்டான். மர்டில் ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரில் தலைகீழாக மாட்டினாள்.

"ஏன் தலைகீழா மாட்டறீங்க?" என்றான் டெக்ஸ்டர்.

"உக்கார்ற பக்கம் தூசி படியக்கூடாதுன்னு. அவங்களும் அப்படித்தான் மாட்டுவாங்க. கூட்டிப் பெருக்கறப்போ தரை முழுக்கக் காலியா இருக்கணும்."

கால்வினை மற்றவர்கள் பார்த்த பார்வையில் அவன் காது சிவந்துவிட்டது.

பட்டறையில் மர்டில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். உருண்டையாக இருந்த துடைப்பத்தைத் தட்டையாக வைத்துத் தைத்தது இவர்கள். விதையைச் சின்னக் காகித உறையில் போட்டு விற்கலாம் என்று கண்டது இவர்கள். பெரிய வட்ட ரம்பம் ஒன்று சுவரோரம் நின்றது. நூல் நூற்கிற ராட்டைச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சகோதரிக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்கிறார்களாம்.

"சொல்றாங்கன்னா, யாரு பாத்தா?" என்றேன் நான்.

"நீ பாக்கல ஏசா, அது மட்டும் நிச்சயம்."

பெண்கள் வரிசையில் கிளுகிளு என்று சிரிப்பு. லீடா மட்டும் ரம்பத்தின் பல்லுக்குக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெக்ஸ்டர் அப்போது கால்வினோடு குசுகுசு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"பெரும்பாலான பொருளுக்கு அவங்க பேட்டண்ட்னு சொல்ற உரிமைப் பத்திரம் வாங்கவே இல்ல. யாரு வந்து கேட்டாலும் காட்டிக் கொடுத்தாங்க" என்றாள் மர்டில்.

"பெரும்பாலும்னா?" என்றேன். "அப்போ சிலதுக்கு வாங்கினாங்க. அதைச் சொல்லு."

மர்டில் என்னை முறைத்தாள். "வாங்கினாங்க. துவைக்கிற மெஷினுக்கு வாங்கினாங்க. போதுமா?"

போதும். சும்மா கொடுத்தவன் என்று யாரும் கிடையாது என்பது என் கட்சி. டெக்ஸ்டர் சண்டையை நிறுத்திவிட்டு இதைக் காதில் வாங்கிக்கொண்டதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு என்ன, மறந்துவிட்டேன்.

பிறகு சாப்பாடு. நீள மேஜைகள். இங்கே ஆண்கள், அங்கே பெண்கள். முதலில் எல்லோரும் தரையில் மண்டியிட்டார்கள். என் முட்டி இரண்டும் துப்பாக்கி மாதிரி வெடித்ததில் ஒரு வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிடவேண்டும். எடுத்துக்கொண்டதை மிச்சம் வைக்கக்கூடாது. வேகவைத்த பீன்ஸ், பழுப்பு ரொட்டி, ஆப்பிள் கூழ், உருளைக்கிழங்குக் கஞ்சி. இத்தனை பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும்தான். மதகு, மதகு என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. நான் கஞ்சியை ஒரு வாய் வைத்தேன்.

"உப்பே இல்ல" என்றேன்.

பழக்கம். வீட்டில் நான் தனியாள். தட்டோடுதான் பேசுவேன்.

எல்லாக் கரண்டியும் நின்றது. அத்தனை கண்ணும் என் மேல். மர்டில் எழுந்துபோய் இரண்டாவது நாற்காலியை மாட்டினாள். மாட்டும்போது அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள், படுபாவி. எதிர் மேஜையில் லீடா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, துடைக்காமல் மென்றுகொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. கஞ்சியை மடமடவென்று குடித்து முடித்தேன். இனிமேல் மத்தியானம் வரை வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்தேன்.

அதற்கப்புறம்தான் சலவைச்சாலை. ஓடைக்கரையில் உயரமான வீடு. இரண்டு கதவு.

"இடப்பக்கம் மேல்தளம், சகோதரிங்க. தொட்டி, இஸ்திரி, கொடி எல்லாம் அங்க" என்றாள் மர்டில். "வலப்பக்கம் கீழ்த்தளம், சகோதரருங்க. தண்ணிச் சக்கரம், தண்டு, பட்டை எல்லாம் கீழ. இப்ப சும்மா பாத்துட்டு வாங்க. பன்னிரண்டு மணிக்கு மதகு தொறக்கறப்பவும் அவங்கவங்க அவங்கவங்க எடத்துல இருக்கணும். அது முடிஞ்சதும் பஸ்."

லீடா நின்றுவிட்டாள். எனக்கே அப்போதுதான் உறைத்தது. மேலே தொட்டி ஆடும். எதனால் ஆடுகிறது என்பது கீழே. அவள் எதைப் பார்க்க வந்தாளோ அது ஆண்கள் கதவுக்குள் இருக்கிறது.

பையன்கள் தடதடவென்று கீழே இறங்கினார்கள். லீடா வரிசையை விட்டு வலப்பக்கக் கதவுவரை வந்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே இருட்டு. ஒரு காலைத் தூக்கினாள். மேவிஸ் என்று அவள் சிநேகிதி ஒருத்தி, "வேணாம்டி, லீடா, மூணாவது நாற்காலிடி" என்றாள், அழுகிற குரலில்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் கீழே போனேன். பையன்கள் சக்கரக் குழியில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. யந்திரமாவது மண்ணாவது. ஒருத்தனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தால் இன்னொருத்தன் எட்டிப் பார்க்கிறான். டெக்ஸ்டர் மட்டும் பலகையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாகக் குழிக்குள் தலையை விட்டு, வெகுநேரம் அசையாமல் பார்த்தான். எழுந்தபோது மூக்கெல்லாம் கரி. வாயெல்லாம் சிரிப்பு.

வெளியே வந்ததும் மர்டில் எங்களைக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். நாற்காலிகள் இரண்டு வரிசையாக, எதிரெதிரே போட்டிருந்தது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடைவெளி. எல்லோர் மடியிலும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை விரித்தாள்.

"சகோதரனும் சகோதரியும் ஒருத்தரோட ஒருத்தர் பேச அவங்களுக்குன்னு ஒரு நேரம் இருந்துச்சு. வாரத்துல சில நாள் சாயங்காலம் இப்படி எதிர் எதிரா உக்காந்து பேசுவாங்க. தொடக்கூடாது. ரகசியம் பேசக்கூடாது. எல்லாரு காதுலயும் விழணும். இப்ப பேசுங்க. மணி அடிக்கிற வரைக்கும்."

முதலில் எல்லோரும் கைக்குட்டை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பேசாதே, பேசாதே என்றால் இப்படித்தான் ஆகும். ஒரு பையன், "எங்க வீட்டு நாய் குட்டி போட்டுருக்கு" என்று தொடங்கினான்.

எனக்கு எதிரே லீடா. அவள் பெட்டி நாற்காலிக்கு அடியில்.

"கோல்பி தாத்தா! கீழ போனீங்கல்ல? என்ன இருந்துச்சு?"

"இரும்பு."

"என்ன இரும்பு?"

"நிறைய இரும்பு. ஒரு பெரிய சக்கரம். ஒரு தண்டு."

"தண்டு முனையில என்ன இருக்கு? எதுல சேருது?"

"எனக்கெப்படித் தெரியும்? கால்வின் ரெண்டு தரம் விழப் பாத்தான்."

"கண்ணு இருந்துச்சுல்ல தாத்தா!" என்றாள். "சாப்பிடறப்போ வாயைத் தொறந்தீங்க. பாக்க வேண்டிய நேரத்துல கண்ணை மூடிக்கிட்டீங்க."

என் பக்கத்து நாற்காலியில் டெக்ஸ்டர் சிரித்தான்.

"நான் பாத்தேன்" என்றான். "எல்லாத்தையும் பாத்தேன். ரொம்ப சிம்பிள்."

லீடா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "சொல்லு."

"எதுக்கு? சனிக்கிழமை நீ என்னை ஜெயிக்கவா?"

"சொல்லு டெக்ஸ்டர்!"

"மாட்டேன். ஷேக்கர்களே துவைக்கிற மெஷினுக்கு உரிமைப் பத்திரம் வாங்கிட்டாங்களாம். தாத்தாவே கேட்டுச் சொல்ல வச்சாரு. அவங்களே பூட்டி வச்சதை நான் ஏன் தொறக்கணும்?"

என் வாயிலிருந்து வந்ததை எடுத்து அவளை அடிக்கிறான் பொடிப்பயல். எனக்குக் காதுவரை சூடேறியது. நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் லீடா எழுந்து நின்றுவிட்டாள்.

"மர்டில் அம்மா! பத்திரம் யாருக்கு எதிரா வாங்கினாங்க? வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கா, வெளியாளுங்களுக்கா?"

மர்டில் ஒரு கணம் யோசித்தாள். "வெளியாளுங்களுக்கு. வெளியுலகம்னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள எவருக்கும் எதுவும் தனியாக் கிடையாது. போட்டிருக்கற தொப்பியே தன்னோடதுன்னு சொல்லக்கூடாது."

"பன்னிரண்டு மணி வரைக்கும் நான் வெளியாளா?"

"இல்ல. நீ சகோதரி."

லீடா டெக்ஸ்டர் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? மணி அடிக்கிற வரைக்கும் நான் உன் தங்கச்சி. இல்ல, அக்கா. நான் உன்னைவிட மூணு மாசம் பெரியவ. தெரிஞ்சதைச் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டா அது உன் சொத்து ஆயிடும். சொத்து வச்சுக்கறது தப்பு. மர்டில் அம்மா, அது தப்புத்தான? அதுக்கு நாற்காலி மாட்டுவீங்கல்ல?"

லாம்சன் டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். மர்டில் மெதுவாக எழுந்து, ஒரு காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"மாட்டணும்" என்றாள். "ஒரு சகோதரி கேட்டு, தெரிஞ்சும் ஒரு சகோதரன் சொல்லலேன்னா, மாட்டத்தான் வேணும்."

அவ்வளவுதான். பையன்கள் வரிசை முழுவதும் டெக்ஸ்டர் மேல் பாய்ந்தது.

"டேய், சொல்லுடா!"

"மதகு போயிரும்டா லூசு!"

"நான் தெரியாம ஏறினதுக்கே என்னைக் கொன்னீங்க, இவன் தெரிஞ்சே செய்யறான்!" என்று கால்வின் நாற்காலியில் குதித்தான்.

டெக்ஸ்டர் சிவந்துபோனான். சுவரில் தொங்குகிற இரண்டு நாற்காலியைப் பார்த்தான். மர்டில் கையிலிருந்த மூன்றாவதைப் பார்த்தான். நாற்காலியின் கால் தரையை விட்டு மேலே வந்துவிட்டது.

"சரி, சரி! வைங்க கீழ! சொல்றேன்!"

சொல்லத் தொடங்கியதும்தான் தெரிந்தது, அவனுக்கே சொல்ல எவ்வளவு ஆசை என்று. கையும் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"சக்கரத்தோட தண்டு இருக்குல்ல, அது நேரா முடியல. முனையில மடங்கியிருக்கு. இப்படி. நடுவுல இல்ல, ஓரமாத் தள்ளி. அந்த மடக்குல ஒரு நீளக் கட்டை மாட்டியிருக்கு. கட்டையோட இன்னொரு முனை மேல போய்த் தொட்டியில சேருது. மடக்கு சுத்தும். கட்டை சுத்தாது. கட்டை போகும், வரும், போகும், வரும்."

"சுத்தற எடத்துல மாட்டினது எப்படிச் சுத்தாமப் போகும்?"

"ஐயோ, சைக்கிள் மாதிரி!" உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி மிதித்துக் காட்டினான். "பாதம் சுத்துதா? முட்டியப் பாரு. முட்டி சுத்துதா? மேல கீழதான போகுது?"

லீடா அவன் முட்டியையே பார்த்தாள். தன் காலைத் தூக்கி ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள். பிறகு தன் முட்டியில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

"முட்டி! முட்டிதான்! துடுப்பைப் பாதத்துல மாட்டிட்டேன்! முட்டியில மாட்டணும்!"

வரிசையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார்கள். கைக்குட்டையெல்லாம் தரையில். சுவரோரத் துடைப்பம் ஒன்று சரிந்து விழுந்தது, யார் கால் பட்டதோ. யாரும் பார்க்காதபோது நானும் ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். ஆமாம், முட்டி சுற்றவில்லை.

"இரு இரு, இப்ப உன் முறை" என்றான் டெக்ஸ்டர். "நீயும் வச்சுக்கக்கூடாதுல்ல? என் ரம்பம் மரத்தைத் தொட்டா ஏன் நின்னுடுது?"

"பல்லை எல்லாம் ஒரே நேரா வச்சிருக்க. மரத்துக்குள்ள போய்ச் சிக்கிக்குது. ஒரு பல்லை இந்தப் பக்கம் லேசா வளை, அடுத்ததை அந்தப் பக்கம். காலைல அந்தப் பெரிய ரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. நீதான் பாக்காமச் சண்டை போட்டுட்டு இருந்த."

டெக்ஸ்டரின் வாய் திறந்தபடி நின்றது. அந்த நேரத்தில் கூரைக் கோபுரத்து மணி பன்னிரண்டு அடித்தது.

மூன்றாவது நாற்காலி மாட்டப்படவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பழைய வீட்டின் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஷேக்கர் வீட்டில் அப்படியொரு சத்தத்தை அவர்கள் ஜெபத்தில் ஆடிய நாளில்கூடக் கேட்டிருப்பார்களோ என்னவோ. மதகின் நெம்புகோலை லாம்சன் டீச்சரே இழுக்கட்டும் என்று பிள்ளைகள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் இரண்டு கையாலும் தொங்கினார். மரம் முனகியது. பிறகு தண்ணீர் வந்தது.

நான் கீழ்த்தளத்தில் பையன்களோடு இருந்தேன். பெரிய சக்கரம் முதலில் யோசித்தது. ஒரு பலகையில் தண்ணீர் விழுந்தது, அடுத்ததில் விழுந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சுற்றத் தொடங்கியது. தரை நடுங்கியது. என் பல்செட்டும் நடுங்கியது. தலைக்கு மேலே தொட்டிகள் தடக், தடக் என்று ஆடுகிற சத்தமும், அதையும் மீறிப் பெண்பிள்ளைகளின் கத்தலும். இந்த முறை நான் பார்த்தேன். மடக்கு சுற்றுகிறது, கட்டை போகிறது, வருகிறது. பயல் சொன்னது அப்படியே சரி.

திரும்பினால் டெக்ஸ்டரைக் காணோம். கதவு திறந்து கிடந்தது. குழிக்குள் விழுந்துவிட்டானோ என்று எட்டிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. மதகிலிருந்து திரும்பி வந்த டீச்சரிடம் மற்றவர்களை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை.

சக்கரத்திலிருந்து தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே லீடா முழங்கால்வரை தண்ணீரில். பெட்டி கரையில் திறந்து கிடந்தது. மேலே தொட்டி ஆடுவதைப் பார்க்காமல் வந்துவிட்டாள். தன் தகரச் சக்கரத்தை இரண்டு கல்லுக்கு நடுவே நிறுத்தி, அதன் அச்சுக் கம்பியின் முனையைப் பல்லால் கடித்து மடக்கிக்கொண்டிருந்தாள். டெக்ஸ்டர் சப்பாத்தோடு அவள் பக்கத்தில்.

"இன்னும் தள்ளி மடக்கு! இவ்வளவு போதாது, தொடையே இல்லாத காலு மாதிரி இருக்கு!"

"நீ தொட்டி டப்பாவைப் பிடி! பேசாதே!"

மடக்கினாள். ஒரு மெல்லிய குச்சியை மடக்கில் மாட்டி, மறு முனையைத் துடுப்பில் கட்டினாள். சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினாள். விர்ரென்று சுற்றியது. துடுப்பு ஒரு தடவை போயிற்று, ஒரு தடவை வந்தது. குச்சி மடக்கிலிருந்து நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. டெக்ஸ்டர் பாய்ந்து பிடித்தான்.

மறுபடி மாட்டினாள். மறுபடி நழுவியது.

"பிடிக்க ஏதாவது வேணும்! கம்பி முனையில கடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி ஏதாவது!"

வாய்க்காலில் தண்ணீர் அவள் முழங்காலிலிருந்து கீழே இறங்கிவிட்டதைப் பார்த்தேன். குளம் காலியாகிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமைக்கு முன்னால் அவளுக்கு இப்படியொரு ஓட்டம் கிடைக்கப்போவதில்லை. நான் பையில் கைவிட்டுத் தேடினேன். சாவி, பல்குச்சி, பாதி மிட்டாய். ஒன்றுக்கும் உதவாதவை.

"மேவிஸ்!" என்று லீடா மேல் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "கிளிப்! துணி மாட்டற மரக் கிளிப்! தூக்கிப் போடுடி!"

ஜன்னலில் மேவிஸின் தலை தெரிந்தது, மறைந்தது. அடுத்த நொடி மரக் கிளிப்புகள் மழையாகக் கொட்டின. ஒன்று என் மண்டையில். கூடையையே கவிழ்த்துவிட்டாள் போலிருக்கிறது. லீடா ஒன்றைப் பிடித்து, அதன் பிளவைக் கம்பி முனையில் அழுத்திச் செருகினாள். குச்சி இனி வெளியே வர வழியில்லை.

சக்கரத்தை இறக்கினாள்.

துடுப்பு போயிற்று. வந்தது. போயிற்று, வந்தது. தகரத் தொட்டிக்குள் சளக் சளக் என்று அடித்தது. நின்றுவிடும், நின்றுவிடும் என்று நானே எண்ணிக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை.

"துணி! ஏதாவது துணி போடு!" என்று அலறினாள் லீடா.

டெக்ஸ்டர் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைக் கழற்றி எறிந்தான். காலுறையை உருவினான். காலையிலிருந்து கரியிலும் சேற்றிலும் புரண்ட காலுறை. அதைத் தொட்டியில் போட்டான். துடுப்பு ஒரு கணம் திணறியது. லீடாவின் இரண்டு கையும் காற்றில் நின்றன. பிறகு அது காலுறையைப் புரட்டி ஒரு அறை அறைந்தது. மறுபக்கம் ஒரு அறை. தண்ணீர் கறுப்பாகப் பொங்கி என் கால்சட்டையெல்லாம் அடித்தது.

"துவைக்குது!" லீடா குதித்தாள். "தாத்தா! பாருங்க, துவைக்குது! பாத்தீங்களா, இப்பவாவது பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்! மேல தெளிக்காதே!" என்று நானும் கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று தெரியவில்லை. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். மேல் ஜன்னல்கள் அத்தனையிலும் தலைகள். மர்டில் வெள்ளைக் குல்லாயைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஷேக்கர்களை நான் இன்னும் முழுக்க நம்பிவிடவில்லை. ஆனால் ஒரு பயலிடமிருந்து அவனாகக் கொடுக்காத ஒன்றை வாங்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர் குறைந்தது. தகரச் சக்கரம் தளர்ந்து, கடைசியாகத் துடுப்பு ஒரு தடவை போய், வராமல் நின்றது. டெக்ஸ்டர் காலுறையை எடுத்துப் பிழிந்து வெயிலில் தூக்கிப் பிடித்தான். ஒரு கால் வெள்ளை, இன்னொரு கால் கறுப்பு.

"சனிக்கிழமை நான்தான் ஜெயிப்பேன்" என்றான். "பல்லை வளைச்சுட்டு வர்றேன் பாரு."

"வா" என்றாள் லீடா. கையை நீட்டினாள். "முதல்ல அந்த இன்னொரு சாக்ஸையும் கழட்டிக் குடு. வீட்ல சோதிச்சுப் பாக்க எனக்கு அழுக்கு வேணும்."